தினமும் பூ குடுக்கற ஆச்சிக்கு என்ன திருப்பிக் குடுக்கறது?

காத்தாடி_மெக்கானிக்:

வணக்கம்ங்க. கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கும், சிரிச்சாலும் பதில் சொல்லிட்டு சிரிங்க.

எனக்கு ஊரு ஈரோடு பக்கம். கரண்டு எடுக்கற காத்தாடி மெயின்டனன்ஸ் வேலைக்கு ஆரல்வாய்மொழி வந்து, தோவாளைக்கு கிட்ட ஒரு லைன் வீட்ல தனியா இருக்கேன். பக்கத்து வீட்ல ஒரு ஆச்சி இருக்காங்க, அறுபதுக்கு மேல இருக்கும், தோவாளை மார்க்கெட் வியாபாரிங்ககிட்ட பூ வாங்கியாந்து வீட்லயே உக்காந்து கட்டிக் குடுக்கறவங்க. நான் குடிவந்த புதுசுல ஒரு நாள் காலைல கதவத் தட்டி, ஒரு வாழையிலைக் கிழிசல்ல சுருட்டி ஒரு முழம் பிச்சிப்பூ குடுத்தாங்க. எங்கூட்ல பொம்பளைங்க யாரும் இல்லைங்க ஆச்சின்னேன். சாமி படத்துக்குப் போடுன்னாங்க. சாமி படமும் இல்லீங்க, நான் அப்படி ஒண்ணும் கும்புடற ஆளு இல்லைன்னேன். அதுக்கு அவங்க, "அப்போ மேசையில வை மக்கா, ரூமுக்கு ஒரு மணம் கெடக்கட்டும், பூவ வேண்டாம்னு சொல்லப்பிடாது"ன்னு கைல திணிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னைலருந்து அனேகமா தினமும் வருது. கல்யாண முகூர்த்த நாளு, பூ வெல ஆகாசத்துல நிக்கற அன்னிக்குக்கூட வருது.

நெஜத்த சொல்லணும்னா எனக்கு மொதல்ல பூவோட ஒரு ஈடுபாடும் கெடையாதுங்க. ஆனா டவர் மேல நின்னு காத்துல நாள் பூரா காது அடைச்சுப்போயி, க்ரீஸ் வாசத்தோட ராத்திரி ஏழு எட்டு மணிக்கு கதவத் தொறந்தா, காலைல மூடிக் கெடந்த மொட்டெல்லாம் விரிஞ்சு ரூம் பூரா ஒரு வாசம் நிக்குது பாருங்க, அதுக்காகவே இப்ப வீட்டுக்கு சீக்கிரம் வரேன். அடுத்த நாள் காலைல பாத்தா ஓரமெல்லாம் பழுப்பாயி தொவண்டு கெடக்கும். அத எடுத்துக் குப்பைல போட மனசே வர்றதில்ல. ஆச்சி பாத்துட்டா வேற என்ன நெனைப்பாங்களோன்னு ஒரு கவர்ல சேத்து வெச்சு எடுத்துட்டுப் போயி எங்கயாவது போடறேன்.

இப்ப எனக்கு ஊர்ப்பக்கம் ட்ரான்ஸ்ஃபர் வரப்போகுது. மூணு விஷயம் கேக்கணும். ஆச்சிக்கு என்ன குடுத்துட்டுப் போறது, காசு குடுத்தா மூஞ்சி சுண்டிப் போயிரும்னு எனக்கே தெரியுதுங்க, பொடவை எடுத்துக் குடுக்கலாமா? ரெண்டாவது, அந்தப் பூவுல ஒண்ணாவது வாடாம காப்பாத்தி கொண்டுபோக வழி இருக்கா? மூணாவது, வாடுன பூவ என்னதான் பண்றது?


ரெசின்_ராணி:

ப்ரோ ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு, நல்லா காயவெச்சு ரெசின்ல, அதான் ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகற பிளாஸ்டிக்ல, போட்டா கீ செயின், பேப்பர் வெயிட், கம்மல் எல்லாம் பண்ணலாம், வருஷக்கணக்கா இருக்கும். கல்யாண மாலைய இப்டி ஃப்ரேம் பண்ணி வாங்கிக்கற ட்ரெண்ட் இப்போ நல்லா ஓடுது. பிச்சி மல்லி மட்டும் கொஞ்சம் கஷ்டம், காயும்போது ப்ரவுன் ஆயிடும், சிலிக்கா ஜெல்ல பொதைச்சு வெச்சு எடுத்தா ஓரளவு தேறும். ஆச்சிக்கே ஒரு பென்டன்ட் பண்ணிக் குடுங்க, ஷாக் ஆயிடுவாங்க.


நாஞ்சில்_ஏவாரி:

ஷாக் ஆவா, உண்மதான். தினமும் கடவம் கடவமா பூவ மடியில போட்டுக் கெட்டுகவளுக்கு செத்த பூவ பிளாஸ்டிக்குல அடைச்சுக் குடுத்தா வேற என்ன ஆவா. கோவிச்சுக்கிடாண்டாம் தங்கச்சி, ஒனக்க தொழில கொறை சொல்லல்ல.

தம்பி, நான் தோவாளையில பூ யாவாரம் பாக்க ஆளாக்கும். அப்பா காலத்துலேருந்தே நமக்கு இதுதான். ஒமக்கு ஒரு கணக்கு சொல்லுகேன், அது வெளங்கிட்டுன்னா மூணு கேள்விக்கும் பதில் வந்துரும்.

இங்க சந்தை விடியுமுன்னயே தொடங்கிரும். பிச்சி சுத்துவட்டாரத் தோட்டத்துலேருந்து வரும், நல்ல இருட்டோட லைட்ட தலையில மாட்டிட்டு மொட்டாப் பறிச்சுக் கொண்டாருவாங்க. ரோஸ் ஓசூர் பக்கத்துலேருந்து, அரளி சேலத்துலேருந்து, அப்பறம் கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, கொழுந்து, சம்பங்கி, துளசி, தாமரைன்னு எல்லாம் வந்து எறங்கும். இதுல நெறைய திருவனந்தபுரம், கொல்லம்னு கேரளாவுக்கு வண்டி ஏறும். ஒரே பூவு காலையில ஒரு வெல, வெயில் ஏறினா வேற வெல, மத்தியானம் வாங்க ஆளு இல்ல. மல்லியும் பிச்சியும் மார்கழி தை பனியில வரத்து கொறஞ்சு கிலோ ஆயிரத்தத் தாண்டிப் போவும், அதே பூவ சித்திர வெயில்ல மண்ணு வெலைக்குக் கேக்கதுக்கு நாதி இருக்காது. ஓணத்துக்கு பாத்தீருன்னா உத்திராடத்தண்ணைக்கு கேந்திக்கு அடிபிடியா நிக்கும். திருவோணம் விடிஞ்சு மணி பத்து ஆச்சுன்னா மிஞ்சின மூட்டைய மாடுகூட திங்காது.

அரிசிய பூட்டி வைக்கலாம், தேங்காய வைக்கலாம், நகைய பேங்க்ல வைக்கலாம். பூவ பூட்டி வச்சு ஒருத்தனும் பணக்காரன் ஆனது கெடையாது. இண்ணைக்கு உள்ளத இண்ணைக்கே வித்தாவணும், இல்லேன்னா யாருக்காவது குடுத்தாவணும், மூணாவது ஒரு வழி இல்ல. அதனாலதான் இந்தத் தொழில்ல இருக்கவங்களுக்குக் கை கொஞ்சம் தாராளமா இருக்கும். கடையில நிக்க பிள்ளைக்கு சும்மா ஒரு துண்டு பூவ தலையில வச்சு விடுவோம். அது தருமம் இல்ல, பழக்கமாக்கும். ஆச்சி ஒமக்குத் தாறதும் அந்தப் பழக்கத்துலதான். அதுக்கு பட்டுப் பொடவைய எடுத்து நீட்டினா, அவ குடுத்ததுக்கு நீரு பில்லு போட்டு செட்டில் பண்ணுக மாதிரி ஆயிரும். குடுக்காண்டாம்.


சாலைக்கடை_அம்மு:

அண்ணாச்சி சொல்றது சரிதான், ஆனா ஒரே அடியா சொல்லிட முடியாது. நாங்க திருவனந்தபுரத்துல கரமனை பக்கம், வீட்ல தமிழ்தான், தலைமுறையா இங்கதான் இருக்கோம். சாலை மார்க்கெட்ல தோவாளைப் பூ வந்தாத்தான் எங்களுக்கு நல்ல நாளு. சின்னதுல எனக்கு தோவாளைன்னா ஒரு ஊருன்னே தெரியாது, பூவுல ஒரு ஜாதின்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இங்க ஓணத்துக்கு அத்தப்பூக்களம்னு பூவால கோலம் போடறத நீங்க பாக்கணும் தம்பி. அத்தம் அன்னிக்கு சின்னதா ஆரம்பிச்சு திருவோணம் வரைக்கும் பத்து நாளு, தினமும் காலைல முந்தின நாள் போட்டத வாரி எடுத்துட்டு, சாணி மெழுகி புதுசாப் போடுவோம். ஃப்ளாட்டுல சாணிக்கு எங்க போறது, இப்போ வெறும் தரைல சாக்பீஸ்ல வட்டம் வரைஞ்சுதான். என் பொண்ணு சின்னவளா இருக்கும்போது, இவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டத எதுக்கு வாரறீங்கன்னு அப்படியே பூக்களத்து மேல படுத்துட்டா. வாரினாத்தானேடி நாளைக்கு எடம் வரும்னு எங்க மாமியார் ஒரே வாக்குல முடிச்சுட்டாங்க. அவளுக்கு சமாதானம் ஆகல, மறுநாளும் அழுதா. அது வேற விஷயம்.

ஆனா காஞ்ச பூவ எடுத்து வைக்கறதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. எங்கம்மாவோட கல்யாணப் பொடவை மடிப்புல ஒரு சரம் இருக்கு, தொட்டா பொடியாயிடும், வாசமும் கெடையாது, வெறும் பழுப்பு நூலு மாதிரி. எதுக்கு வெச்சுருக்கன்னு கேட்டா அம்மாவுக்கே பதில் தெரியாது. தூக்கிப் போடச் சொன்னா மட்டும் கோவம் வரும். தம்பிக்கு ஒரு சரம் கொண்டுபோக ஆசைன்னா கொண்டுபோகட்டும், அதுக்கு ரெசின் எதுக்கு, ஒரு பழைய நோட்டுக்குள்ள வெச்சாப் போதும்.


ஓய்வுபெற்ற_டீச்சர்:

நாகர்கோவில்ல பாட்டனி நடத்துனவ. மூணாவது கேள்வியையும், ஏன் பழுப்பாகுதுங்கறதையும் மட்டும் சொல்றேன், மத்ததெல்லாம் உங்க பாடு.

பறிச்ச உடனே பூ செத்துடறதில்ல. அது மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கும், உள்ள இருக்கற சர்க்கரைய எரிச்சுக்கிட்டு. மொட்டு விரியறதே பெரிய செலவு, இதழ்ல இருக்கற செல்லு எல்லாம் தண்ணிய இழுத்து உப்பணும். செடியில இருந்தா வேர்லேருந்து சப்ளை வரும். உங்க மேசையில சப்ளை கிடையாது, கையில இருக்கறத மொத்தமா ஒரே ராத்திரில போட்டு விரியுது. வாசமும் அந்த நேரத்துலதான் வெளிய வருது, இருட்டுல வர்ற அந்துப்பூச்சியக் கூப்பிடறதுக்காக. அதனாலதான் வெள்ளை நிறம், இருட்டுல அதுதான் நல்லா கண்ணுக்குத் தெரியும். பிச்சி மொட்டோட வெளிப்பக்கம் லேசா ரோஸ் ஓடியிருக்கும், விரிஞ்சா உள்ள வெள்ளை. நாளைக்கு விடியும்போது பாருங்க.

இதுல குண்டுமல்லி கதைதான் வேடிக்கை. அடுக்கு இதழ் வர்ற மாதிரி மனுஷன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுல அதுல காய், விதை பிடிக்கறது ரொம்ப அபூர்வம். பதியம் போட்டோ குச்சி நட்டோதான் அடுத்த செடி. அதாவது பூச்சிக்காகன்னு ஏற்பட்ட மொத்த ஏற்பாடும் இப்போ மனுஷன் மூக்குக்கு மட்டும் நடக்குது. கிளாஸ்ல இத சொன்னா பசங்க ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆயிடுவாங்க, அப்புறம் ஒருத்தன் சிரிப்பான்.

கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கணும்னா, ஈர வாழைப்பட்டையில இல்ல ஈரத் துணியில லூசா சுத்தி வைங்க, தண்ணிக்குள்ள முக்கி வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வைக்கலாம், ஃப்ரீசர்ல போட்டா அவ்வளவுதான், வெளிய எடுத்ததும் கண்ணாடி மாதிரி ஆகி கறுத்துடும். இன்னொண்ணு, நம்ம பக்கம் எல்லா வீட்டு அடுக்களையிலயும் மட்டிப்பழக் கொலை ஒண்ணு தொங்கும். பழுக்கற பழத்துலேருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், பக்கத்துல இருக்கற பூவ சீக்கிரம் வாட்டும். பூவையும் பழத்தையும் ஒரே ஃப்ரிட்ஜ்ல பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. வாடாம இருக்கணும்னா வாடாமல்லிய வாங்கிக்கோங்க. அதுல கலரா தெரியறது இதழே இல்ல, காகிதம் மாதிரி காஞ்ச செதில், அதான் மாசக்கணக்கா அப்படியே நிக்குது. அழகுதான், மணம் சுத்தமா கிடையாது.

வாடுன பூவ கவர்ல கட்டி வண்டியில எடுத்துட்டுப் போறதெல்லாம் வேணாம் தம்பி. ஏதாவது செடி மூட்டுல போடுங்க. கால் படக்கூடாதுன்னுதான் நம்ம வீடுகள்ல பாப்பாங்க, மத்தபடி மண்ணுக்குப் போறதுல ஒரு மரியாதைக் குறைவும் கிடையாது.


கட்டுக்கூலி:

எல்லாரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. எங்கம்மா பூ கட்டித்தான் எங்கள படிக்க வச்சாங்க, அதனால சொல்லுகேன்.

ஏவாரி அண்ணாச்சி பழக்கத்துல குடுக்காங்கன்னு சொன்னது கடைக்காரங்களுக்கு சரி. கட்டுகவங்களுக்கு அப்படி இல்ல. பூ அவங்களோடது கெடையாது அண்ணாச்சி, ஒமக்குத் தெரியாததா. ஏவாரி எடை போட்டு பூவும் நாரும் குடுப்பாரு, இத்தன பூவுக்கு இத்தன முழம்னு கணக்கு இருக்கும், கட்டி முடிச்சு குடுக்கையில கொறஞ்சா கேள்வி வரும். அம்மா எங்க தலைக்கு ஒரு கண்ணி எடுக்க மாட்டாங்க, நாங்க அழுதாலும் எடுக்க மாட்டாங்க. மடியில மலை மாதிரி பூ கெடக்கும், நாங்க வெறும் தலையா ஸ்கூலுக்குப் போவோம். இத கேட்டா ஆளுங்க நம்ப மாட்டாங்க.

அதனால அந்த ஆச்சி தினமும் ஒரு முழம் தாறாங்கன்னா அது மார்க்கெட் பூவா இருக்க வழியில்ல. முத்தத்துல, இல்லேன்னா கெணத்தடியில, அவங்களுக்குன்னு ஒரு பிச்சிக்கொடி நிக்கும், பாருங்க. கூலிக்குக் கட்டுகது போக, கண்ணு மங்குற வயசுல, அவங்களோட சொந்தப் பூவ பறிச்சு தனியா உக்காந்து உங்களுக்குன்னு ஒரு முழம் கட்டுகாங்க. மிச்சம் மீதி இல்ல. வெல ஏறின அன்னைக்கும் வருதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த நாள்ல அந்த ஒரு முழத்த வித்தா அவங்களுக்கே காசு.

இத சொல்லுகது உங்கள சங்கடப்படுத்த இல்ல. வாங்குற பூ என்னன்னு தெரிஞ்சு வாங்கணும்ல.


காத்தாடி_மெக்கானிக்:

அக்கா, நீங்க சொன்னதப் படிச்சுட்டு இப்பத்தான் பின்பக்கம் போயி எட்டிப் பாத்தேன். பாத்ரூம் செவுத்த ஒட்டி ஒரு கொடி நிக்குதுங்க, தெனமும் அதத் தாண்டித்தான் பைக்க நிறுத்தறேன். பந்தல்னு ஒண்ணும் இல்ல, ரெண்டு பட்ட கம்பு நட்டு கேபிள் டிவி ஒயரச் சுத்திக் கட்டியிருக்காங்க, இந்த ஆரல்வாய்மொழி காத்துக்கு அதுல பாதி பிச்சுக்கிட்டு தரைல கெடக்குது. ஆச்சி குனிஞ்சு குனிஞ்சு பறிக்கறாங்க போல. எங்க ஊர்ல இத ஜாதிமல்லின்னு சொல்லுவோம், எங்கம்மா தலைல வெச்சதுதான், எனக்கு ரெண்டும் ஒண்ணுன்னு இத்தன நாளா ஓடவே இல்ல.


நாஞ்சில்_ஏவாரி:

கட்டுக்கூலி சொன்னது சத்தியம். எடை போட்டுக் குடுக்க கை என்னோடதுதான், மறுக்க முடியாது. பூ கட்டுக பெண்ணுகளுக்குக் கூலி ஒரு காலத்துலயும் பூ வெலையோட ஏறினது இல்ல, அதும் எனக்குத் தெரியும். இங்க தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கெடச்சப்ப ஊரே கொண்டாடிச்சு. வெள்ளை அரளி, செவப்பு அரளி, நொச்சி இலைய மடிச்சு மடிச்சு கல்லு பதிச்ச மாதிரி கட்டுகது, பத்மநாபசாமி கோயிலுக்குப் போவும், பாத்தா பூவுன்னே சொல்ல மாட்டீரு. அதும் வாடத்தான் செய்யும். அவ்வளவு வேலைப்பாடு தெரிஞ்ச கைக்கு என்ன கெடைக்குன்னு கேட்டா பதில் சொல்ல எனக்கும் நாக்கு எழும்பாது.

தம்பி, ஒமக்க கேள்விக்கு இப்ப பதில் மாறிட்டு. பொடவைய விடும். டவருல ஏறுக ஆளுல்லா நீரு, அந்தக் கொடிக்கு ஒரு நல்ல பந்தல் போட்டுக் குடும். மார் ஒசரத்துக்கு, கெழவி குனியாம நின்னு பறிக்க மாதிரி.


சாலைக்கடை_அம்மு:

பாரி முல்லைக்குத் தேரைக் குடுத்துட்டு நடந்து போனாராம், நம்ம தம்பி பிச்சிக்கு ஜிஐ பைப்பு குடுத்துட்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறப் போறாரு. நல்லாருக்கு. பொடவை வேண்டாம்னு ஒத்துக்கறேன் அண்ணாச்சி, ஆனா கௌம்பற அன்னிக்கு வெறும் கையோட போயி நிக்கக் கூடாது, ஊருலேருந்து ஏதாவது தின்றதுக்கு வாங்கிட்டு வரட்டும். ஈரோட்டு மஞ்சள் ஒரு கிலோ கொண்டுவந்தாக்கூட ஆச்சிக்கு சந்தோஷமா இருக்கும். பூ வந்த இலைய சும்மா திருப்பி அனுப்பினேன்னு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.


ரெசின்_ராணி:

ஓகே ஓகே நான் கேஸ வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அண்ணாச்சி சொன்ன மாணிக்க மாலைய ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு தோணுது, எங்க பாக்கலாம்? ரெசினுக்கு இல்ல, சும்மா பாக்கத்தான்.


நாஞ்சில்_ஏவாரி:

தோவாளைக்கே வா தங்கச்சி, கெட்டுகவங்க வீடு இங்கேதான் இருக்கு. வெளியில சொல்லாத, போட்டோ எடுக்க விடுவாங்க.


காத்தாடி_மெக்கானிக்:

பந்தல் நல்ல யோசனைங்க, இதுல எனக்குக் கை வரும். ஸ்டோர்ல கழிச்சுப் போட்ட பைப்பு கெடைக்குமான்னு சூப்பர்வைசர்கிட்ட கேக்கறேன், இல்லைன்னா வெளிய வாங்கிக்கறேன். இந்தக் காத்துக்கு சிமெண்ட் போட்டு ரெண்டு அடியாவது எறக்கணும், மேல பிளாஸ்டிக் கயிறு வேணாம் வெயில்ல பொடியாயிரும், கோட்டிங் கம்பி கட்டிடறேன். ஆச்சிகிட்ட மொதல்ல கேட்டுடறேன், அவங்க கொடி அவங்க இஷ்டம். டீச்சரம்மா, கொடி ரொம்ப அடசலா கெடக்குது, பந்தல் போடறப்பவே வெட்டி விட்டுடலாமா? அப்படியே ரெண்டு குச்சி எங்கம்மாவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனா பொழைக்குமா?


ஓய்வுபெற்ற_டீச்சர்:

இப்போ கத்திரிய எடுக்காதீங்க, பூத்துட்டு இருக்கற கொடி அது. மல்லிக்கு கவாத்து நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இந்த வரிசைய மாத்தினா பூ வரத்து அடிபடும். கவாத்துன்னா தைரியமா தரைலேருந்து ஒன்றரை அடி விட்டுட்டு மேல எல்லாத்தையும் வெட்டணும், பாக்கறவங்களுக்குக் கொடிய கொன்னுட்ட மாதிரி இருக்கும், ஆச்சி திட்டுவாங்க, பயப்படாதீங்க. அதுக்குள்ள நீங்க ஊருக்குப் போயிட்டா பக்கத்துல யாராவது ஒரு பையன்கிட்ட சொல்லிட்டுப் போங்க, ஆச்சிய குனிஞ்சு வெட்ட விட்டுறாதீங்க.

குச்சி தாராளமா எடுத்துட்டுப் போகலாம். பாதி முத்தின தண்டா பாருங்க, பச்சைத் தளிரு வேணாம், ரெண்டு மூணு கணு இருக்கணும், அடிக்கணு மண்ணுக்குள்ள போகணும். பயணத்துக்கு ஈரச் சாக்குல சுத்திக்கோங்க. பாதி பட்டுப்போகும், அதனால ரெண்டு போதாது, ஒரு பத்து பன்னண்டு எடுங்க. ஆச்சி கையாலயே ஒடிச்சுத் தரச் சொல்லுங்க, எந்தத் தண்டு முத்தினது எது எளசுன்னு என்னை விட அவங்களுக்குத் தெரியும்.


கட்டுக்கூலி:

பந்தல் போடுகதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஒயரம் மார் அளவுன்னு அண்ணாச்சி சொன்னது உங்க மாருக்கு இல்ல, ஆச்சி மாருக்கு. அவங்கள நிக்க வச்சு அளந்துட்டு அப்பறம் பைப்ப வெட்டுங்க.